1966 ஃபோர்டு கண்ட்ரி ஸ்கொயர்: மாவா ஆலையை விட்டு வந்தபடியே திருப்பிக் கொண்டுவர முடியுமா?

#1 மரப்பக்கம்66 (மிச்சிகன்)

வணக்கம். ஐந்து வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு நீளமான வண்டி. மாலை நடைக்குப் போகும்போதெல்லாம் தார்ப்பாய்க்குக் கீழே தெரியும் பம்பரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். போன இலையுதிர் காலத்தில் அவர் காலமானார். மகள் வீட்டைக் காலி செய்ய வந்தபோது நானே போய்க் கேட்டேன். காயலான் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே விலை பேசிவிட்டுப் போயிருந்தார். "நீங்கள் இதை ஓட்டுவீர்களா, உடைப்பீர்களா?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். ஓட்டுவேன் என்றேன். கொடுத்துவிட்டார்.

வண்டி 1966 ஃபோர்டு கண்ட்ரி ஸ்கொயர், பக்கங்களில் மரத் தோற்றம் கொண்ட ஸ்டேஷன் வேகன், அதாவது பின்னால் சாமான் வைக்க இடம் விட்ட நீளமான குடும்ப வண்டி. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் அறைந்திருக்கும் தகடு அப்படியே இருக்கிறது. எண் 6இ78இசட் என்று தொடங்குகிறது. நான் புரிந்துகொண்டது: 6 என்றால் 1966, இ என்றால் நியூஜெர்சியின் மாவா ஆலை, 78 என்றால் பத்துப் பேர் உட்காரும் கண்ட்ரி ஸ்கொயர், இசட் என்றால் நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்த 390 கன அங்குல இன்ஜின். நிறம் எக்ஸ், அதாவது விண்டேஜ் பர்கண்டி. தேதி 14சி, மார்ச் 14.

நிலைமை: இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. முன் தரை பரவாயில்லை. பின்கதவின் அடிப்பகுதி துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. இரண்டு பக்கமும் மரம் மாதிரி ஒட்டியிருக்கும் தாள், ஏரி வற்றிய மண் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. கூரையில் லக்கேஜ் ரேக் இருக்கிறது. அது ஆலையில் வைத்ததா, பிற்பாடு விற்பனையாளர் கடையில் துளை போட்டு வைத்ததா தெரியவில்லை.

இதை அழகாக்கிக் காட்ட எனக்கு ஆசையில்லை. மாவாவிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

#2 ஸ்பேனர்செட் (ஒஹாயோ)

தம்பி, முதலில் எதையும் கழற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆர்வத்தில் முதல் வாரமே சீட்டைத் தூக்கி, கார்பெட்டைக் கிழித்து, நட்டு போல்ட்டை எல்லாம் ஒரே பக்கெட்டில் போட்டவர்கள் நிறையப் பேர். ஆறு மாதம் கழித்து எந்த வாஷர் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கிளிப்பையும், ஒவ்வொரு ஒயர் போகிற பாதையையும், பெயிண்ட் எங்கே நிற்கிறது, எங்கே சிதறியிருக்கிறது என்பதையும். ஆலையில் அடித்த பெயிண்ட் கீழ்ப்பக்கம் ஒழுங்காக இருக்காது. அடிப்பாகத்தில் பிரைமர் தெரியும், ஓரத்தில் பர்கண்டி தூவியிருக்கும். அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. துடைத்துவிட்டால் போச்சு.

அடுத்தது, 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கு ஆலைப் பதிவுகளை வைத்து, வண்டி எந்தெந்தப் பாகங்களோடு வெளியே வந்தது என்று சொல்லும் மார்ட்டி அறிக்கை வாங்கலாம். உங்களுடையது 66. அந்தப் பதிவு கிடையாது. அதனால் வண்டிக்குள்ளேயே தேட வேண்டும். ஆலையில் வண்டி நகர நகரத் தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டே போகும் ஒரு தாள், பில்ட் ஷீட், பல நேரம் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ கார்பெட்டுக்குக் கீழோ மாட்டிக்கொண்டு இருக்கும். கிடைத்தால் உங்கள் ரேக் கேள்விக்கும் பதில் கிடைக்கும். சீட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங்கை விரலால் தடவித் தேடுங்கள். காய்ந்த இலை மாதிரி இருக்கும், இழுத்தால் பொடியாகிவிடும்.

#3 டெக்சாஸ்_தென்காசி

ஒரு அடிப்படைக் கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மரம் நிஜ மரமா? இன்னொன்று, அதே உடம்பில் புது இன்ஜின், டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் போட்டால் தினமும் ஓட்டலாமே. ஏன் பழையபடியே வைக்க வேண்டும்?

#4 ஸ்பேனர்செட் (ஒஹாயோ)

உடம்பில் நிஜ மரம் 1951 வரைதான். கண்ட்ரி ஸ்கொயர் என்ற பெயர் 1950இல் வந்தது, அப்போது பக்கங்கள் உண்மையான மரம். மிச்சிகனின் வடக்கே அயர்ன் மவுண்டனில் ஃபோர்டுக்கே சொந்தமாகக் காடும் மர ஆலையும் இருந்தன. மேப்பிள் மரச்சட்டங்கள் அங்கே செய்யப்பட்டன. அங்கே கழிந்த மரத்துண்டுகளை வைத்துக் கரி செய்ய ஆரம்பித்ததுதான் இன்று அமெரிக்காவில் பலர் வீட்டு பார்பிக்யூ அடுப்பில் எரியும் கிங்ஸ்ஃபோர்டு கரி. 1952 முதல் உடம்பு முழுக்க இரும்பு, மேலே ஒட்டுவது 3எம் கம்பெனியின் டை-நாக் என்ற வினைல் தாள். சுற்றி இருக்கும் வெளிர் நிறச் சட்டம் பிற்பாடு ஃபைபர் கிளாஸ் ஆனது. 66இல் இருப்பது அதுதான். 1991 வரை இதே பெயரில் மரப்பக்க வண்டி வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கேள்விக்கு மரப்பக்கம் தம்பியே பதில் சொல்லட்டும்.

#5 மரப்பக்கம்66

டெக்சாஸ் நண்பரே, நல்ல கேள்விதான். புது இன்ஜின் போட்டு ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். முஸ்டாங்கை எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். ஸ்டேஷன் வேகனை யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஐந்து பிள்ளைகளையும் நாயையும் கூடாரத்தையும் ஏற்றி ஓட்டோ ஓட்டென்று ஓட்டி, துருப்பிடித்ததும் தூக்கிப் போட்டார்கள். மிச்சம் இருந்தவை வண்டியை வண்டியால் மோதி உடைக்கும் திருவிழாக்களில் போயின. பெரிய கனமான உடம்பு என்பதால் அதற்கு வேகனைத்தான் தேடிப் பிடித்தார்கள். 1984 மாடலாக கிரைஸ்லரின் மினிவேன் வந்த பிறகு குடும்பங்களுக்கும் வேகன் தேவைப்படவில்லை.

அதனால் முழுசாக மிஞ்சிய ஒரு வண்டி கையில் கிடைத்தால் அது ஒரு சாட்சி மாதிரி எனக்குத் தோன்றுகிறது. 1966இல் ஒரு சாதாரணக் குடும்பம் எதில் உட்கார்ந்து போனது, கதவு சாத்தினால் என்ன சத்தம் கேட்டது, ஸ்டீயரிங் எவ்வளவு லேசாக இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நான் என் வசதிக்கு மாற்றிவிட்டால் அந்தச் சத்தம் போய்விடும்.

#6 தையல்மிஷின் (நார்த் கரோலினா)

சீட் ரெக்சின் எப்படி இருக்கிறது தம்பி? போட்டோ போடுங்கள். அந்தக் காலத்து ரெக்சினில் பல கோடுகள் தைத்தவை அல்ல, சூட்டில் அழுத்தி எடுத்தவை. தைத்தால் கிட்டத்தில் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். கிழிசல் சின்னதாக இருந்தால் முழுசாக மாற்றாதீர்கள். பின் இருக்கையின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்திலிருந்து அதே ரெக்சினை வெட்டி எடுத்து, கிழிந்த இடத்துக்கு உள்ளிருந்து ஒட்டு வைக்கலாம். நான் இப்படி நாலைந்து வண்டிக்குச் செய்திருக்கிறேன். வயதும் நிறமும் ஒன்றாக இருப்பதால் ஒட்டே தெரியாது.

பின்னால் எதிரெதிராக உட்காரும் குட்டி இருக்கைகள் இருக்கின்றனவா?

#7 மரப்பக்கம்66

இருக்கின்றன அக்கா. இரண்டும் மடக்கியபடி, மேலே கார்பெட் மூடி. 65இல் ஃபோர்டு கொண்டுவந்த அமைப்பு, பக்கவாட்டில் ஒருவரையொருவர் பார்த்தபடி நாலு பிள்ளைகள் உட்காரலாம். மடக்கியே இருந்ததால் ரெக்சின் புதுசு மாதிரி இருக்கிறது. நிறம்கூட மங்கவில்லை. முன் இருக்கை எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மா ஒருநாள் பார்க்க வந்தார். பின்னால் ஏறி அந்தக் குட்டி இருக்கையை விரித்து உட்கார்ந்து, எதிரே இருந்த இருக்கையில் கால் வைத்துக்கொண்டார். "இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

#8 நியூஜெர்சி_நாகர்கோவில்

மாவா என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் இருப்பது பக்கத்து ஊர். அந்த ஆலை 1955இல் திறந்து 1980இல் மூடியது. இன்று அங்கே போனால் ஆலை இருந்த சுவடே இல்லை.

இன்ஜின் அதே வண்டியுடையதா என்று பார்த்தீர்களா? 66இல் இந்த இன்ஜின்கள்மேல் வண்டி எண்ணைப் பொறிக்க மாட்டார்கள். வார்ப்புத் தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும். முதல் எண் வருடம், எழுத்து மாதம், மிச்சம் தேதி. ஜனவரி ஏ, பிப்ரவரி பி என்று போகும். ஐ எழுத்தைத் தாண்டிவிடுவார்கள், அதனால் டிசம்பர் எம். வண்டி மார்ச் 14 என்றால் இன்ஜின் பிளாக் ஜனவரி அல்லது பிப்ரவரியில் வார்த்ததாக இருக்க வேண்டும்.

#9 மரப்பக்கம்66

நேற்றிரவு கிரீஸைச் சுரண்டிப் பார்த்தேன். பிளாக் 6பி9, பிப்ரவரி 9. இன்டேக் மேனிஃபோல்டும் பிப்ரவரிதான். மனசு நிறைந்துவிட்டது. ஆனால் சிலிண்டர் ஹெட் இரண்டில் ஒன்றில் சி8ஏஇ-எச் என்று இருக்கிறது. சி என்றால் அறுபதுகள், 8 என்றால் 68. அதாவது வண்டி பிறந்து இரண்டு வருடம் கழித்து வரைந்த பாகம். எப்போதோ ஒரு ஹெட் வெடித்து மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்று சி6ஏஇ என்று தொடங்குகிறது, சரியானது.

#10 ஸ்பேனர்செட் (ஒஹாயோ)

அந்த 68 ஹெட் நல்ல ஹெட்தான், அதோடு வருடக்கணக்கில் ஓடலாம். ஆனால் ஆலைப்படி வேண்டும் என்றால் சி6ஏஇ ஒன்று தேடுங்கள். அவசரமில்லை, கிடைக்கும்.

ஹெட் எப்படியும் லேத்துக்குப் போகும். போகும்போது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான இரும்பு வளையம் அடிக்கச் சொல்லுங்கள். 66 இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. அந்த ஈயம்தான் வால்வுக்கும் இரும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருந்தது. சாலை வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது 1996 தொடக்கத்தோடு அமெரிக்காவில் முழுக்கத் தடையாகிவிட்டது. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் ஓட்டினால் பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் போகும்போது வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும். வளையம் அடிப்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, ஆலைத் தோற்றமும் கெடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைத் தின்றுவிடும், அதனால் குழாய் எல்லாம் புதுசு போட வேண்டும். ஆயிலில் துத்தநாகம் தேவையான அளவு இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும்.

பெயிண்ட்: 66 முதல்தான் ஃபோர்டு எல்லா இன்ஜினுக்கும் ஒரே நீலம் அடித்தது. அதற்கு முந்தைய வருடத்து வண்டியைப் பார்த்துக் கருப்பு அடித்துவிடாதீர்கள்.

#11 மரப்பக்கம்66

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். இந்தப் பதிவு நீளமாக இருக்கும், மரத்தைப் பற்றியது.

ஃபைபர் கிளாஸ் சட்டத்தைக் கழற்றுவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளிருந்து சின்ன ஸ்டட்களில் நட்டு போட்டுப் பிடித்திருக்கிறார்கள். உள் பக்கப் பலகைகளைக் கழற்றினால்தான் கை போகும். தினமும் காலையும் மாலையும் துரு எண்ணெய் விட்டு, பத்து நாள் பொறுத்து, ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்பி, மறுபடி பின்னால் திருப்பிக் கழற்றினேன். மூன்று ஸ்டட் உடைந்தன. சட்டம் ஒன்றுகூட உடையவில்லை.

பிறகு தாள். ஹீட் கன்னால் சூடு காட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் ஓரத்திலிருந்து தூக்கினால், தெற்கு பார்த்து நின்ற பக்கத்தில் தாள் பொடிப் பொடியாக வந்தது. மற்றப் பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரே துண்டாக வந்தது. அடியில் பர்கண்டி பெயிண்ட் அறுபது வருட வெயிலைப் பார்க்காமல் ஈரமாக இருப்பது மாதிரி மின்னியது. ஆலையில் உடம்பு முழுக்கப் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் தாளை ஒட்டியிருக்கிறார்கள். பெயிண்ட்டுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்குமா!

அதைவிடப் பெரிய சந்தோஷம், இடது பின் கதவுச் சட்டத்துக்கு அடியில் விரல் அகலத்துக்குப் பழைய தாள் வெளிச்சமே படாமல் இருந்தது. நிறம் நான் நினைத்ததைவிட இருட்டு. வெளியே மங்கிப்போன பழுப்பைப் பார்த்துத் தாள் வாங்கியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். இப்போது அந்தத் துண்டைக் கண்ணாடித் தகட்டுக்கு நடுவே வைத்திருக்கிறேன். மறுதயாரிப்புத் தாள் விற்பவர்களிடமிருந்து நாலு மாதிரி வரவழைத்துப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று நிறம் சரி, மரவரி பெரிது. இன்னொன்று வரி சரி, ஆனால் பளபளப்பு அதிகம். மூன்றாவதுதான் பொருந்தியது. பழையது பளபளக்காது. மேசைக்கு எண்ணெய் தடவிய மாதிரி அடக்கமாக இருக்கும்.

#12 டெக்சாஸ்_தென்காசி

அந்தத் துண்டின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கேள்விக்கு இப்போதுதான் பதில் புரிகிறது. தாள் ஒட்டும் முறையையும் எழுதுங்கள்.

#13 ஸ்பேனர்செட் (ஒஹாயோ)

அதை நான் சொல்கிறேன், ஒட்டிக் கெடுத்த அனுபவம் இருப்பதால்.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் அடியிலிருந்து ஆவி கிளம்பிக் கொப்புளம் வரும். ஷெட் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிரில் தாள் முறுக்கிக்கொள்ளும், கொதிக்கும் வெயிலில் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, உடம்பையும் தாளின் பசைப்பக்கத்தையும் தாராளமாக நனையுங்கள். அப்போதுதான் தாளை நகர்த்தி வைக்க முடியும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். ஒருபோதும் இழுக்காதீர்கள். இழுத்தால் மரவரி வளையும், பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்ன என்று தெரியாது. முன் மட்கார்டில் தொடங்கி, கதவு கதவாக, பின்பக்கம் வரை ஒரே நேர்கோட்டில் வரி ஓட வேண்டும். அதற்கு நூல் கட்டிக்கொள்ளுங்கள். கதவு ஓரத்தில் மடித்து உள்ளே விடும்போது மட்டும் லேசாகச் சூடு.

இரண்டு பேர் வேண்டும். தனியாக முயற்சி செய்யாதீர்கள்.

பெயிண்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் லாக்கர் அடித்தது, ஃபோர்டு எனாமல் அடித்தது. எனாமலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு மெல்லிய சொரசொரப்பு இருக்கும். இன்றைய கடைக்காரர் நிறம் ஒரு கோட், மேலே கண்ணாடி மாதிரி கிளியர் ஒரு கோட் என்று அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் 66 ஃபோர்டு மாதிரி இருக்காது. கிளியர் இல்லாத ஒரே வகைப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

#14 நியூஜெர்சி_நாகர்கோவில்

பிரேக் விஷயம் யாரும் பேசவில்லையே? 66இல் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம், ஒற்றை அறை. எங்கே ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 67 மாடலில்தான் ஃபோர்டு இரட்டை அறை வைத்தது. இதை மட்டும் மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து. அடுத்த வருடத்து டிரம் பிரேக் சிலிண்டர் அதே இடத்தில் உட்காரும், குழாயைத்தான் கொஞ்சம் மாற்றி வளைக்க வேண்டும்.

#15 வெள்ளைப்பட்டை_டயர் (பென்சில்வேனியா)

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பானெட்டைத் திறந்தவுடன் கண்ணில் படும் இடம் அது. ஏஏசிஏ என்ற பழைய கார் சங்கத்தின் போட்டியில் 400 புள்ளியிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். ஆலைப்படி என்று தலைப்புப் போட்டுவிட்டு இரட்டை அறை வைத்தால் தலைப்பையே மாற்ற வேண்டும். எல்லாக் குழாயையும் புதிதாகப் போட்டு, எல்லா வீல் சிலிண்டரையும் மாற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றினால் ஒற்றை அறையும் நம்பகமானதுதான். 66இல் கோடிக்கணக்கான பேர் அப்படித்தான் ஓட்டினார்கள்.

#16 ஸ்பேனர்செட் (ஒஹாயோ)

ஓட்டினார்கள், சிலர் வீடு திரும்பவில்லை. நான் வேலை பார்த்த ஒரு ஷெட்டுக்கு 64 வேகன் ஒன்று வந்தது. முந்தின வாரம்தான் வேறொரு கடையில் பிரேக் பார்த்து அனுப்பியிருந்தார்கள். பின் சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாயில் கிளிப் பிடித்த இடத்துக்கு அடியில் துரு. வெளியே தெரியாது. சிக்னலில் மிதித்ததும் பெடல் தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. தெய்வாதீனமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளைப்பட்டை நண்பர் சொல்வதும் நியாயம்தான். வண்டி டிரெய்லரில் போய் டிரெய்லரில் வருவதானால் ஒற்றை அறை வையுங்கள். பிள்ளைகளை ஏற்றுவதானால் வேண்டாம்.

#17 மரப்பக்கம்66

நான் ரொம்ப யோசித்தேன். அந்த அம்மாவிடம் ஓட்டுவேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரட்டை அறை வைத்துவிட்டேன். பழைய சிலிண்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, எந்த இடத்திலிருந்து எப்போது எடுத்தது என்று எழுதிக் கட்டி, பழைய குழாய்களோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். உடம்பில் எங்கேயும் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. நாளைக்கு யாராவது திருப்பிப் போட நினைத்தால் ஒரு சனிக்கிழமை வேலை.

டயர் மட்டும் பழைய பயஸ்-பிளை வகையே (உள் இழைகள் குறுக்காக ஓடும், ரேடியலுக்கு முந்தைய டயர்) போட்டேன். ரோட்டில் பள்ளம் வந்தால் வண்டி அதன் போக்கில் கொஞ்சம் இழுக்கும், அதற்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஓட்டுகிறேன்.

#18 தையல்மிஷின் (நார்த் கரோலினா)

பெட்டியில் எழுதி வைத்தது ரொம்ப நல்ல காரியம். அந்தப் பெட்டி வண்டியோடு போக வேண்டும், விற்றாலும்.

பின்கதவு என்ன ஆயிற்று?

#19 மரப்பக்கம்66

பின்கதவுதான் இந்த வண்டியின் உயிர் அக்கா. 66இல் ஃபோர்டு கொண்டுவந்த மேஜிக் டோர்கேட். ஒரே கதவு, கீழ்நோக்கி இறக்கினால் பலகை மாதிரி விழும், கைப்பிடியை மாற்றிப் பிடித்தால் பக்கவாட்டில் வீட்டுக் கதவு மாதிரி திறக்கும். இடது கீழ் மூலையில் இருக்கும் கீல் இரண்டு வேலையும் செய்கிறது. கண்ணாடியை முழுக்க இறக்கினால்தான் பக்கவாட்டில் திறக்கலாம். கண்ணாடி ஏறியபடியே திறக்கும் வசதி 69இல்தான் வந்தது.

துருப்பிடித்த காரணம் எளிமையானது. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் காய்ந்து, மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கியிருக்கிறது. அடியில் தண்ணீர் வடிய மூன்று துளைகள் உண்டு. மூன்றும் இலைத்தூளும் மண்ணும் அடைத்துச் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தன. கதவு ஒரு தொட்டியாகவே இருந்திருக்கிறது.

பட்டி பூசி மூடவில்லை. அழுகிய பகுதியைக் கைப்பிடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, அதே கனத் தகடு வளைத்துப் பற்றவைத்தேன். என் அப்பா கோயம்புத்தூரில் டிங்கரிங் வேலை பார்த்தவர். ஒரு கையில் டாலியை, அதாவது தகட்டைத் தாங்கும் இரும்புக் கட்டையை, உள்ளே கொடுத்து வெளியிலிருந்து சுத்தியலால் தட்டும்போது, தகடு எங்கே மேடு எங்கே பள்ளம் என்று கண்ணால் பார்க்காதே, உள்ளங்கையால் தடவு என்பார். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவித் தட்டினேன். இருபது நாள் ஆனது.

#20 நியூஜெர்சி_நாகர்கோவில்

அருமை. ஒன்று சொல்ல வேண்டும், பின்கதவைச் சுற்றி இருக்கும் பீடிங்கைத் தண்ணீருக்காக மட்டும் நினைக்காதீர்கள். வேகன் ஓடும்போது பின்னால் காற்று சுழன்று புகையை உள்ளே இழுக்கும். பின் கண்ணாடியை இறக்கி ஓட்டினாலோ, பீடிங் சரியில்லாமல் இருந்தாலோ கார்பன் மோனாக்சைடு பின் இருக்கைப் பிள்ளைகளிடம்தான் முதலில் போகும். வாசனை தெரியாது.

பீடிங் எங்கே கிடைத்தது? அதே வருடத்து ஃபோர்டு கேலக்ஸி செடானுக்குச் செய்கிற பாகங்கள் முன் கதவு வரைதான் இதற்கு உதவும். அதற்குப் பின்னால் எல்லாமே வேகனுக்கென்று தனி.

#21 மரப்பக்கம்66

அதுதான் பெரிய பாடு. பக்கக் கண்ணாடி, பின் விளக்கு, பின்கதவுப் பீடிங், எதுவும் செடானோடு பொருந்தாது. அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடக்கும் பழைய கார் உதிரிபாகச் சந்தைக்குப் போனேன். நாலு நாள் நடந்தேன். பின் விளக்குக் கண்ணாடி ஒரு ஜோடி, அந்தக் காலத்திலேயே செய்து டப்பா பிரிக்காதது, ஒரு முதியவரிடம் கிடைத்தது. டப்பாவில் எண்ணைப் படித்ததும் கை நடுங்கியது. பீடிங் கிடைக்கவில்லை. பழைய பீடிங்கின் குறுக்குவெட்டை வரைந்து, அதே வடிவம் கொண்ட ரப்பரை விற்பனையாளர்களின் பட்டியலில் தேடி, மூலையில் மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறேன். நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு, புகை உள்ளே வருகிறதா என்று பார்க்கக் கார்பன் மோனாக்சைடு மீட்டரைப் பின் இருக்கையில் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். பூஜ்யத்திலேயே நின்றது.

#22 வெள்ளைப்பட்டை_டயர் (பென்சில்வேனியா)

ஹெர்ஷியில் உங்களைப் பார்க்காமல் விட்டேனே! பிரேக் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, ஆனால் பெட்டி யோசனை பிடித்திருக்கிறது. குரோம் எப்படி?

#23 மரப்பக்கம்66

குரோமில்தான் அடி வாங்கினேன். முலாம் போடும் இடம் ஒன்றில் பம்பரையும் சின்ன வார்ப்புப் பாகங்களையும் கொடுத்தேன். பம்பர் நன்றாக வந்தது. துத்தநாக வார்ப்புகளை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார்கள், எழுத்துகளின் ஓரம் மழுங்கிவிட்டது. சின்ன எழுத்துப் பாகங்களைக் கொடுக்கும்போது தேய்க்க வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். இப்போது வேறு எழுத்துகள் தேடுகிறேன்.

#24 மரப்பக்கம்66

இன்று ஒரு சேதி. நடு இருக்கையின் ஸ்பிரிங்குக்குள் பில்ட் ஷீட் கிடைத்தது. எலி ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, மிச்சம் படிக்க முடிகிறது. சுடுதண்ணீர் ஆவி காட்டி, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே ஒரு நாள் விட்டு விரித்தேன். லக்கேஜ் ரேக் அதில் இருக்கிறது. மாவாவில் வைத்ததுதான்.

ஸ்பேனர்செட் அண்ணா, இலை மாதிரி இருக்கும் என்று சொன்னீர்கள், அப்படியேதான் இருந்தது. கூரையில் துளைகளை அடைத்துவிடலாமா என்று போன வாரம்கூட நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை கை வைக்கவில்லை.

#25 ஸ்பேனர்செட் (ஒஹாயோ)

ரேக்கின் கால்களுக்கு அடியில் ரப்பர் கேஸ்கெட் மறக்காமல் போடுங்கள். அங்கேதான் கூரை ஒழுகத் தொடங்கும். அளவு வேண்டுமானால் என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, தாளில் வைத்து வரைந்து அனுப்புகிறேன்.

#26 மரப்பக்கம்66

அனுப்புங்கள் அண்ணா. நாலு கால், நாலும் கழற்றித் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா தம்பியோடு வருகிறாராம். அதற்குள் ரேக்கை ஏற்றிவிடப் பார்க்கிறேன்.